பிகாபியாவின் ஆரம்பகால ஆற்றங்கரைப் படங்கள்: நம்ம பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

சித்திரடீச்சர்_கொட்டகலை

பிரெஞ்சு ஓவியர் பிரான்சிஸ் பிகாபியா என்றால் எல்லாருக்கும் 1915க்குப் பிந்திய ஆள்தான். டாடாக்காரர் (கலையின் விதிகளையே கிண்டல் செய்த டாடா இயக்கத்து ஆள்), இயந்திரங்களை வரைந்தவர், எந்தப் பாணியிலும் நிலைத்து நிற்காதவர். அதற்கு முன்னால் வருடக்கணக்காக ஆறும் மரமும் பாலமும் வரைந்துகொண்டிருந்தார் என்பதைப் பெரும்பாலான புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகும். "இம்ப்ரெஷனிஸ்டுகளைப் பார்த்துப் பழகிய காலம்", அவ்வளவுதான்.

அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. அதனால்தான் இந்த இழை.

பாரிஸுக்குத் தெற்கே லொயிங் என்று ஓர் ஆறு. அதன் கரையில் மொரே என்ற சின்ன ஊர். அல்ஃப்ரெட் சிஸ்லி என்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் கடைசிவரை இருந்து வரைந்த இடம்; 1899இல் அங்கேயே இறந்தும் போனார். அடுத்த சில வருடங்களில் பிகாபியா அதே ஆற்றங்கரையை வரைய ஆரம்பிக்கிறார். வெயிலில் ஆறு, நீரில் மர நிழல், மாலை வெளிச்சம். 1905இல் பாரிஸில் ஹொஸ்மான் காலரியில் தனிக் கண்காட்சி. அப்போது அவருக்கு வயது 26. படங்கள் நன்றாக விலைபோயின. அப்படியே இருந்திருந்தால் வசதியான நிலக்காட்சி ஓவியராகவே வாழ்ந்து முடித்திருப்பார். 1909 அளவில் அதை விட்டுவிட்டார்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் வேறு. அந்த ஆற்றங்கரைப் படங்களில் பலவற்றை அவர் ஆற்றங்கரையில் நின்று வரையவில்லை. அச்சடித்த போட்டோ தபாலட்டைகளைப் பார்த்து வரைந்தார். இம்ப்ரெஷனிஸ்டுகளான மொனேயும் பிஸாரோவும் வெயிலிலும் குளிரிலும் வெளியே நின்று, வெளிச்சம் மாறுவதற்குள் ஓடி ஓடி வரைந்தவர்கள். அந்த முறையின் உயிரே அதுதான். இவர் அதே தோற்றத்தை அறைக்குள் இருந்து தபாலட்டையிலிருந்து எடுத்திருக்கிறார்.

இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பிகாபியாவின் மொத்த வாழ்க்கைக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாணியை மாற்றிக்கொண்டே இருந்தார், சரி. ஆனால் ஒன்றை மட்டும் அவர் விடவே இல்லை: ஏற்கெனவே அச்சாகிக் கிடக்கும் ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஆரம்பிப்பது.

சென்ற மாதம் அந்தக் காலத்துப் பென்சில் நிலக்காட்சி ஒன்றை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். கரையோரம் மரங்கள், கீழே தண்ணீர். ஆள் இல்லை. இலைகளைத் தனித்தனியாக வரையவில்லை. பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் கோடு கோடாக இழுத்து, இருட்டு வேண்டிய இடத்தில் மட்டும் அழுத்தியிருக்கிறார். தண்ணீரின் பெரும்பகுதி வெறும் தாள். மரம் நீரில் விழும் இடத்தில் நாலைந்து படுக்கைக் கோடு, முடிந்தது. கை நன்றாகத் தெரிந்த கை.

ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இவ்வளவு நல்லா வரையத் தெரிஞ்சவர் ஏன் அதை விட்டாரு?"

இந்தக் கேள்வியை இங்கே வைக்கிறேன். அப்புறம் இன்னொன்று: தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டுவதில் பிரயோசனம் இருக்கிறதா?

மஸ்கெலியா_மணி

டீச்சர், வணக்கம். எனக்குப் பிக்காசோ தெரியும், இவரைத் தெரியாது. கொஞ்சம் முழுசாகச் சொல்ல முடியுமா? "விடவே இல்லை" என்று சொன்னீர்களே, அதற்கு உதாரணம் வேண்டும்.

சித்திரடீச்சர்_கொட்டகலை

நிச்சயமாக, மணி.

1879 ஜனவரி 22, பாரிஸில் பிறந்தார். அப்பா கியூபா வழிவந்தவர், அம்மா பிரெஞ்சு. காசுள்ள குடும்பம். ஏழு வயதில் அம்மா இறந்துவிட்டார். அம்மாவின் அப்பா அல்ஃபோன்ஸ் டவான் புகைப்படத் துறையில் பெரிய பெயர். பிரான்சின் புகைப்படச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சின்ன வயதில் வீட்டுச் சுவரில் இருந்த அப்பாவின் ஓவியங்களை நகலெடுத்து, நகலைச் சுவரில் மாட்டிவிட்டு, அசலை விற்று தபால் முத்திரை சேர்க்கக் காசு பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, பிகாபியா யார் என்பதை அது சரியாகவே காட்டுகிறது: நகலில் கைதேர்ந்தவர், அந்த நகலும் அச்சடித்த முத்திரை வாங்குவதற்காக!

இப்போது உதாரணங்கள்.

1909இல் "கவுச்சூக்" என்று ஒரு சின்னப் படம். உருண்டையும் வளைவுமாக வண்ணங்கள். எதை வரைந்திருக்கிறார் என்று சட்டென்று சொல்ல முடியாது. ஐரோப்பாவின் மிக ஆரம்பகால அரூப ஓவியங்களில் ஒன்று என்று பலர் சொல்வார்கள். இன்று பாரிஸின் பொம்பிடு மையத்துக்குச் சொந்தம். ஆற்றங்கரையை விட்ட வருடமே இது.

1913இல் நியூயோர்க்கில் ஆர்மரி கண்காட்சி. அமெரிக்கர்கள் நவீன ஓவியத்தை மொத்தமாகப் பார்த்து அதிர்ந்த நிகழ்ச்சி. பிகாபியா கப்பலேறி நேரிலேயே போனார். அங்கே ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்படக்காரரின் 291 காலரியில் தனிக் கண்காட்சியும் நடந்தது. திரும்பி வந்து "உட்னி" என்ற பெரிய ஓவியத்தை முடித்தார்.

1915இல் இயந்திரப் படங்கள். வாகன இஞ்சினில் போடும் ஸ்பார்க் பிளக் ஒன்றை வரைந்து "இளம் அமெரிக்கப் பெண்" என்று பெயர் வைத்தார். ஸ்டீக்லிட்ஸின் உருவப்படம் என்று ஒரு கேமராவை வரைந்தார். இவற்றை எங்கிருந்து எடுத்தார்? விளம்பரங்களிலும் தொழில்நுட்பப் பத்திரிகைகளிலும் வரும் வரிப்படங்களிலிருந்து.

1920களின் இறுதியில் "டிரான்ஸ்பேரன்சி" படங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக உருவங்கள், கண்ணாடிக்குள் கண்ணாடி வைத்த மாதிரி. அவையும் பொட்டிசெல்லி போன்ற பழைய ஓவியர்களின் படங்களிலிருந்து எடுத்த உருவங்கள்.

1940களில் இரண்டாம் உலகப்போர் நடக்கும்போது தெற்கு பிரான்சில் இருந்து பெண் உருவங்கள் வரைந்தார். அவற்றுக்கு மூலம் கவர்ச்சிப் பத்திரிகைகளில் அச்சான போட்டோக்கள். ஆராய்ச்சியாளர்கள் பக்கம் பக்கமாகத் தேடி ஜோடி சேர்த்திருக்கிறார்கள்.

போர் முடிந்ததும் மறுபடி அரூபம். 1953 நவம்பர் 30, பாரிஸில் இறந்தார்.

தபாலட்டை, இஞ்சின் விளம்பரம், பழைய ஓவியத்தின் பிரதி, பத்திரிகைப் போட்டோ. பாணி ஒவ்வொரு தடவையும் தலைகீழாக மாறியிருக்கிறது, அச்சுப்படம் மட்டும் மேசையை விட்டுப் போகவில்லை. இந்த வரிசையில் முதலாவதாக நிற்பது அந்த ஆற்றங்கரைதான்.

கொழுந்து_மலை

டீச்சர், மரியாதையோடு மறுக்கிறேன்.

நிலக்காட்சி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஒரு எரிச்சல் வரும். நம்ம மலைநாட்டை உலகமே நிலக்காட்சியாகத்தான் பார்க்கிறது. 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளேட்டே கம்பனியின் தபாலட்டைகளைப் பாருங்கள். பச்சை மலை, வளைந்து போகும் ரோடு, தூரத்தில் நீர்வீழ்ச்சி. ஆள் இருந்தால், கூடையைத் தலையில் மாட்டி, நகைபோட்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு கொழுந்துப் பெண். பெயர் இருக்காது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று இருக்காது. "தேயிலை பறிப்பவர்" என்று மட்டும் கீழே இருக்கும்.

இன்றைக்கும் அதுதானே? எல்ல என்ற ஊருக்குப் போகிறவர்கள் ஒன்பது வளைவுப் பாலத்தை எடுக்கிறார்கள். அப்புத்தளையில் லிப்டன் சீட்டில் ஏறி, தம்பேத்தன்னையை மேலிருந்து எடுக்கிறார்கள். சென் கிளயர் நீர்வீழ்ச்சியை எடுக்கிறார்கள். லயம் (தோட்டத் தொழிலாளர் இருக்கும் வரிசை வீடுகள்) வருகிற மாதிரி இருந்தால் கேமராவை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். எங்கள் அம்மா படங்கை (கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் முரட்டுத் துணியை) கட்டிக்கொண்டு மழையில் மலை ஏறுவது யாருடைய நிலக்காட்சியிலும் இல்லை.

அப்படியிருக்க, ஆளே இல்லாத ஒரு பிரெஞ்சு ஆற்றங்கரையை, அதுவும் தபாலட்டையிலிருந்து எடுத்ததை, நம்ம பிள்ளைகளுக்கு எதற்குக் காட்ட வேண்டும்? தபாலட்டைக் கண்ணை நாமே கொடுத்த மாதிரி ஆகாதா?

கம்பஸ்_ரூபன்

நான் கொழும்பில் காட்சிக்கலை படிக்கிறேன், ஊர் லிந்துலை.

கொழுந்து மலை அக்கா சொல்வதில் பெரிய நியாயம் இருக்கிறது, ஆனால் அதற்கு முதல் டீச்சரிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பென்சில் படம் தபாலட்டையிலிருந்து வந்ததுதான் என்று எப்படித் தெரியும்? பிகாபியா வெளியே போய் வரைந்த நாட்களும் இருந்திருக்கும். பிஸாரோவின் மகன்கள் அவருக்குக் கூட்டாளிகள். அவர்களோடு தெற்கே மார்ட்டிக் வரை போய் வரைந்திருக்கிறார். ஒரு தனிப்படத்தை வைத்து மூலத்தை முடிவு செய்வது ஆபத்து. மரம் ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்டிருந்தால் "ஆ, போட்டோ!" என்று சொல்லிவிடுவார்கள். ஜப்பானிய மர அச்சுகளிலும் அப்படித்தான் வெட்டுவார்கள், அதைப் பார்த்து இம்ப்ரெஷனிஸ்டுகளும் பழகியிருந்தார்கள்.

இரண்டாவது, நமக்குக் கிட்ட ஓர் ஆள் இருக்கும்போது ஏன் பிரான்சுக்குப் போக வேண்டும்? ஓவியர் ஜோர்ஜ் கீட் 1901இல் கண்டியில் பிறந்தவர். கண்டியில் படித்தவர். கியூபிசத்தின் (உருவங்களை உடைத்துக் கோணம் கோணமாக வரையும் பாணியின்) கோடுகளை எடுத்து, அதை நம்ம பக்கத்துச் சுவரோவியத்தோடும் இந்தியச் சிற்பத்தோடும் கலந்தவர். பொரளை கோதமி விகாரையில் 1939, 40 அளவில் அவர் வரைந்த சுவரோவியங்களைப் போய்ப் பாருங்கள், புத்தர் கதை முழுக்க அந்தக் கோட்டில் இருக்கிறது. 1943இல் நவீன ஓவியர்கள் சேர்ந்து '43 குழு தொடங்கியபோது அதில் முக்கியமான ஆள். வீடு, ஊர், வாழ்க்கை எல்லாவற்றிலும் அமைதி இல்லாமல் அலைந்தவர்தான் அவரும். அமைதியற்ற நவீன ஓவியர் ஒருவரைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் மலைநாட்டிலிருந்தே காட்டலாமே.

சித்திரடீச்சர்_கொட்டகலை

ரூபன் தம்பி, தனிப்படத்தின் மூலத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்த ஒரு படத்தின் மூலம் தபாலட்டை என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பழக்கத்தைத்தான் சொன்னேன். அது நன்றாகப் பதிவான விஷயம். 2016, 2017இல் சூரிச்சிலும் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்திலும் நடந்த பெரிய பிகாபியா கண்காட்சியில் இந்த ஆரம்பகால நிலக்காட்சிகளுக்கு முதல் அறையையே கொடுத்தார்கள். அவற்றை ஒளிக்காமல், "இங்கிருந்துதான் ஆரம்பம்" என்று வைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

கீட்டை நானும் படிப்பிக்கிறேன். இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பிக்க வேண்டும். கீட் தன் மண்ணின் கோடுகளைத் தேடிப் போனவர். பிகாபியாவுக்குத் தேட மண்ணே இல்லை, அச்சுத்தாள்தான் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு நிலையும் ஒரே நேரத்தில் இருக்கிறது.

கொழுந்து மலை, உங்களுக்குப் பதில் நீளமாக எழுத வேண்டும். பிள்ளைகள் செய்ததையும் சேர்த்து நாளைக்கு எழுதுகிறேன்.

டிக்கோயா_பழசு

டீச்சர் பிறந்த தேதியைப் போட்டதைப் பார்த்ததும் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. 1879 ஜனவரி 22!

ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற புகைப்படக்காரி, உலகப் புகழ்பெற்ற ஆரம்பகாலக் கலைஞர், 1879 ஜனவரி 26 அன்று எங்கள் டிக்கோயாவில்தான் இறந்தார். பிகாபியா பிறந்து நான்கே நாள். புருஷனுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறினார்கள். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய வளவில் அவரது கல்லறை இருக்கிறது. புருஷனும் அடுத்த வருடம் இறந்து அங்கேயே. பலமுறை அந்த வழியாகப் போயும் உள்ளே எட்டிப் பார்க்காத ஆட்கள் நம்மில் நிறைய.

தேதி ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் விஷயம் ஒத்துப்போவதைப் பாருங்கள். கேமரன் காலத்தில்தான் புகைப்படம் ஓவியத்தோடு போட்டி போட ஆரம்பித்தது. அவர் இலங்கையில் எடுத்த படங்களில் சாதாரண மனிதர்கள், வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் முகம் இருக்கிறது, பார்வை இருக்கிறது, பெயர்தான் இல்லை. கொழுந்து மலை தங்கச்சி சொன்ன குறை பிளேட்டே தபாலட்டையோடு ஆரம்பித்தது அல்ல, அதற்கும் முந்தியது.

பிகாபியாவின் தாத்தா டவான் பற்றி டீச்சர் "பின்னால் தேவைப்படும்" என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டார். நான் சொல்கிறேன். வண்ணப் புகைப்படம் வந்துவிட்டால் ஓவியத்துக்கு வேலை இருக்காது என்று தாத்தா பேரனிடம் சொன்னாராம். பேரன், நிலக்காட்சியைப் படமெடுக்கலாம், என் தலைக்குள் இருக்கும் உருவங்களைப் படமெடுக்க முடியாது என்ற பொருளில் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். அந்த மாணவி கேட்டாளே, ஏன் விட்டார் என்று? பதிலில் பாதி இதில் இருக்கிறது. ஆற்றங்கரையைத் தபாலட்டையே காட்டிவிடுகிறது. அதை நன்றாக நகலெடுக்கத் தெரிந்த ஒருவனுக்குத்தான், நகலெடுப்பதில் இனி ஒன்றுமில்லை என்பதும் முதலில் தெரியும்.

மஸ்கெலியா_மணி

பழசு அண்ணே, அருமை. பொகவந்தலாவை பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இது தெரியாது. இந்த விடுமுறைக்கு இறங்கிப் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். அவர் நிலக்காட்சியை விட்டது மனசு மாறியதாலா, விற்பனை குறைந்ததாலா?

கம்பஸ்_ரூபன்

விற்பனை குறைந்து விட்டதாகத் தெரியவில்லை, மணி அண்ணே. சந்தை இருக்கும்போதே விட்டார். படங்களை விற்றுக்கொடுத்த காலரிக்காரரோடு உறவு அதனால்தான் முறிந்தது. 1909இல் கப்ரியேல் புஃபே என்ற இசை படித்த பெண்ணைக் கல்யாணம் செய்தார். இசை எதையும் நகலெடுக்காமலே இசையாக இருக்கிறதே, ஓவியம் ஏன் அப்படி இருக்கக்கூடாது என்ற பேச்சு அந்த வீட்டில் நிறைய நடந்தது.

1912இல் கப்ரியேலின் அம்மா வீடு இருந்த ஜுரா மலைப்பக்கத்துக்குப் பயணம். கூட அப்பொலினேர் என்ற கவிஞர், மார்செல் டுஷாம்ப். திரும்பும்போது பிகாபியாவின் காரில் மழையில் பாரிஸ் வரை. அவருக்குக் கார் என்றால் உயிர், வாழ்நாள் முழுக்க வாங்கிக்கொண்டே இருந்தார். மலையும் மழையும் காரும் சேர்ந்த அந்தப் பயணத்திலிருந்து நவீன கலையில் என்னென்னவோ முளைத்தது என்று எழுதுவார்கள். நிலக்காட்சி மட்டும் முளைக்கவில்லை!

சித்திரடீச்சர்_கொட்டகலை

சொன்னபடி எழுதுகிறேன்.

கொழுந்து மலை, தபாலட்டைக் கண்ணை நாம் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பில் "மலைநாட்டுக் காட்சி வரையுங்கள்" என்றால் என்ன வரும் தெரியுமா? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு நீர்வீழ்ச்சி, ஓரத்தில் கூடையோடு ஒரு பெண். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்த பிள்ளை, லயத்தை வரையாது. கடையில் இனாமாகக் கொடுத்த கலண்டரில் இருப்பதை வரையும். பரீட்சைக்கு மார்க்ஸும் அதற்குத்தான் விழும் என்று அதற்குத் தெரியும்.

"கலண்டரைப் பார்க்காதே, வெளியே பார்" என்று பல வருடம் சொல்லியிருக்கிறேன். பிரயோசனம் இல்லை. வெளியே பார்த்தாலும் கலண்டர்தான் தெரிகிறது. பிகாபியாவைக் காட்டிய பிறகு வேறு மாதிரிச் செய்யச் சொன்னேன். கலண்டரைக் கொண்டு வா. மேசையில் வை. நன்றாக, முழுசாக, வெட்கப்படாமல் அதை நகலெடு. முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு உன் தோட்டத்தில் அதே மாதிரி ஓர் இடத்தில் போய் நில். கலண்டர்க்காரன் கேமராவை எந்த இடத்தில் வெட்டினான் என்று கண்டுபிடி. வெட்டியதை உன் படத்தில் சேர்.

அந்தக் கேள்வி கேட்ட மாணவியின் படத்தைச் சொல்கிறேன். மேல் பாதி அச்சு அசல் கலண்டர்: மலை, சவுக்கு மரங்கள், வெள்ளையாக மூடுபனி. அதற்குப் பென்சிலைத் தொடவே இல்லை, தாளை அப்படியே விட்டிருக்கிறாள், பிகாபியா தண்ணீரை விட்ட மாதிரி. கீழ் பாதிக்கு ஒரு தாளை ஒட்டி நீட்டியிருக்கிறாள். அதில் மலையிலிருந்து இறங்கி வரும் கான் (வடிகால்) லயத்தின் பின்பக்கத்தில் வந்து முட்டுகிறது. தகரக் கூரை, காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே கல்லும் பழைய டயரும். டயரின் உள்வட்டத்தை 4பி பென்சிலால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கியிருக்கிறாள். மொத்தப் படத்திலும் அவ்வளவு இருட்டு வேறெங்கும் இல்லை. பக்கத்தில் கொடியில் படங்கு காய்கிறது. ஆள் ஒருவரும் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து "ஆளில்லாத நிலக்காட்சி" என்று யாரும் சொல்ல முடியாது.

மேல் பாதியும் கீழ் பாதியும் சேரும் இடத்தில் ஒட்டு தெரிகிறது. மறைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

இதற்கு அந்தப் பிரெஞ்சு ஆற்றங்கரை தேவைப்பட்டது, அக்கா. ஒரு பெரிய ஓவியனும் அச்சுப்படத்திலிருந்துதான் ஆரம்பித்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அங்கிருந்து எங்கே போகிறாய் என்பதுதான் கேள்வி என்று சொல்ல எனக்கு ஓர் உதாரணம் வேண்டியிருந்தது. அவர் பிற்காலத்தில், நம் தலை உருண்டையாக இருப்பது எண்ணம் திசை மாறுவதற்காகத்தான் என்று எழுதினார். அதைப் பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

கொழுந்து_மலை

டீச்சர், அந்தப் படத்தைப் பற்றி வாசிக்கும்போது கண் கலங்கிவிட்டது. டயரைக் கறுப்பாக்கிய பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். பயிற்சியை ஏற்றுக்கொள்கிறேன்.

பிகாபியாவை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். திசை மாறுவதற்குக் காசு வேண்டும். அவருக்குக் குடும்பச் சொத்து இருந்தது. நிலக்காட்சியை விட்டால் அடுத்த மாதம் சோறு இல்லாமல் போகாது. டாடாவையும் 1921இல் விட்டார், பத்திரிகை நடத்தினார், அதையும் விட்டார். நம்ம பிள்ளைக்கு ஒரே ஒரு தடவைதான் சந்தர்ப்பம் வரும். உயர்தரத்தில் சித்திரம் எடுப்பதற்கே வீட்டில் சண்டை. "படம் கீறி என்ன செய்யப் போற?" என்று கேட்காத வீடு இருக்கிறதா? அதைத் தாண்டி வந்து, கம்பஸ் கிடைத்து, போர்டிங் காசு கட்டி, நாலு வருடம் படித்த பிள்ளை பாணியை மாற்றி மாற்றி விளையாட முடியாது. ஒரு பாணியில் பெயர் எடுத்தால்தான் வேலை, கண்காட்சி எல்லாம். அமைதியின்மையைப் பெரிய குணமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முன்னால் இதையும் சொல்ல வேண்டும்.

கம்பஸ்_ரூபன்

அக்கா சொன்னதில் ஓர் எழுத்துக்கூட மிகை இல்லை. என் பேட்ச்சில் மலையகத்திலிருந்து வந்தவர்களிடம் எல்லாரும் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: தேயிலை வரை, கூடை வரை, லயம் வரை. அதை வரைந்தால் பாராட்டு. வேறு எதையாவது வரைந்தால் "உன் அடையாளம் எங்கே?" என்று கேட்கிறார்கள். எனக்கு லயத்தையும் வரைய வேண்டும், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்தை உருட்டும் ரோலர் சுற்றுவதை வெறும் வட்டமும் கோடுமாகவும் வரைய வேண்டும். பிகாபியாவின் இயந்திரப் படங்களைப் பார்த்தபோது எனக்கு அதற்குத்தான் தைரியம் வந்தது. காசுக்காரர் என்பது உண்மை. ஆனால் கதவைத் திறந்தவன் காசுக்காரன் என்பதற்காக நான் அந்தக் கதவால் போகாமல் இருக்க மாட்டேன்.

கீட்டுக்குக் காசு இல்லாத காலங்கள் இருந்தன, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அமைதியின்மை பணக்காரருக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து அல்ல.

கொழுந்து_மலை

ரோலரை வரையுங்கள் தம்பி. வரைந்ததும் இங்கே போடுங்கள். ஸ்டோரில் வேலை செய்த அப்பாவுக்குக் காட்ட வேண்டும்.

வேலை, சந்தர்ப்பம் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை.

பண்டாரவளை_விஜி

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நானும் சித்திரம் படிப்பிக்கிறேன், தரம் 9, 10. டீச்சரின் கலண்டர்ப் பயிற்சியை அடுத்த தவணையில் செய்யப் போகிறேன். சில நடைமுறைக் கேள்விகள்:

பனிக்காலத்தில் தாள் ஈரம் பிடித்துச் சுருண்டுவிடுகிறது, பென்சிலும் சரியாகப் பிடிப்பதில்லை. என்ன செய்கிறீர்கள்? மூடுபனிக்கு அழிறப்பரால் தேய்க்கச் சொல்லலாமா? அப்புறம், '43 குழுவின் படங்களைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?

சித்திரடீச்சர்_கொட்டகலை

விஜி மிஸ், தாளை முதல் நாளே மட்டையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். வெளியே கொண்டுபோகும்போது மேலே பொலித்தீன். காலையில் பத்து மணிக்கு முன்னால் வெளியே கூட்டிப்போக வேண்டாம், தாள் நனைந்த மாதிரியே இருக்கும். ஈரம் ஏறிய தாளில் 2பிக்குக் குறைந்த பென்சில் கீறும், நிறம் பிடிக்காது.

மூடுபனிக்கு அழிறப்பர் வேண்டாம் என்பது என் பழக்கம். முதலிலேயே அந்த இடத்தைத் தொடாமல் விடச் சொல்லுங்கள். எதை வரையக்கூடாது என்று முன்கூட்டியே தீர்மானிக்கும்போதுதான் பிள்ளை உண்மையாகப் பார்க்கிறது. தேய்த்தால் சாம்பல் நிறம் மிஞ்சும், நம்ம பனி சாம்பல் இல்லை.

நேரில் பார்க்கக் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் பவுண்டேஷன். '43 குழுவில் இருந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. குழுவினரின் படங்கள் வீட்டுச் சுவர்களில் கிட்ட நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். முதலே பேசிவிட்டுப் போங்கள். அப்படியே பொரளை கோதமி விகாரையும் பக்கம்தான், ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

டிக்கோயா_பழசு

கடைசியாக ஒரு வேண்டுகோள். டீச்சரின் பயிற்சிக்குக் கலண்டர் மட்டும் போதாது, பழைய தபாலட்டைகளும் இருந்தால் இன்னும் நல்லது. நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவன் நின்று வெட்டிய இடத்தில் பிள்ளை இன்று போய் நிற்கலாம். என்னிடம் நுவரெலியா, அட்டன், நானுஓயாக் காட்சிகள் கொஞ்சம் இருக்கின்றன. ஸ்கேன் பண்ணி இந்த வாரம் போடுகிறேன். யாருடைய வீட்டிலாவது இருந்தால் நீங்களும் போடுங்கள். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ண மறக்காதீர்கள். தபால் முத்திரைமேல் குத்திய சீலில் வருடம் தெரியும். எழுதியவர், பெற்றவர் பெயரும் விலாசமும் இருந்தால் அதை மட்டும் மறைத்துவிடுங்கள்.

மஸ்கெலியா_மணி

என் சித்தப்பாவிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வருகிறேன்.